காந்த வளைய நினைவகம்: கருத்தும் பரிசோதனையும்

கணனியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கணிக்கும் வேகத்தையே முதன்மைப்படுத்துவர். ஆயின், 1940களின் பிற்பகுதியிற் கணனியாக்கத்துக்குப் பெருந்தடையாக நின்றது கணிக்கும் உறுப்பன்று. நினைவில் இருத்தும் உறுப்பேயாகும். எண்களை இரசக் குழாய்களில் ஒலியலைகளாகவும், கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரையில் மின்னேற்றப் புள்ளிகளாகவும் சேமிக்கும் இரு முறைகள் அப்போது வழக்கிலிருந்தன. முன்னையதில், வேண்டிய எண் குழாயின் முனையை வந்தடையும்வரை காத்திருக்க வேண்டும். பின்னையது விரைவானதாயினும் நம்பத்தக்கதன்று.

இக்குறைபாட்டைக் கடுமையாக உணர்ந்தோர், அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ‘வேள்விண்ட்’ என்னும் கணனியை அமைத்தவராவர். கடற்படையின் விமானிகளைப் பயிற்றுவதற்கெனத் தொடங்கப்பெற்ற இக்கணனி, பின்னர் வான்பாதுகாப்புப் பணிக்குத் திருப்பப்பட்டது. விமானங்களை இடையறாது பின்தொடர வேண்டிய பொறி, நடுவில் நினைவிழந்து நிற்றலாகாது. அதன் சேமிப்புக் குழாய்களோ விலையுயர்ந்தவை, ஆயுட்காலமும் குறுகியவை.

1949இல் இத்திட்டத்தின் தலைவர் ஜே பொறெஸ்ரர் புதியதொரு வழியைச் சிந்தித்தார். சிறு காந்த வளையமொன்றை இரு திசைகளுள் ஒன்றிற் காந்தமாக்கினால், மின் நின்ற பின்னரும் அது அந்நிலையிலேயே இருக்கும். ஒரு திசை 0, மறுதிசை 1. அக்காலத்தையொட்டி ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆன் வாங் என்பவரும் வளையங்களைத் தொடராக இணைத்து எண்களைச் சேமிக்க முனைந்தார். பொறெஸ்ரரின் தனித்தன்மை, வளையங்களை வலைபோல் நிரைப்படுத்தியதிற் காணப்படுகிறது. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் கம்பிகளுள் இரண்டில் அரைப்பங்கு மின்னோட்டம் செலுத்தப்படும். அவ்விரண்டும் சந்திக்குமிடத்து வளையம் மட்டுமே திசைமாறும்.

கருத்து எளிது; அதனை மெய்ப்பிப்பதே அரிதாயிற்று. அரைப்பங்கு மின்னோட்டம் எத்தனை முறை பாய்ந்தாலும் வளையம் நிலைபெயரலாகாது; முழுமின்னோட்டத்துக்கோ உடனே திரும்ப வேண்டும். வளையங்கள் யாவும் ஒரே தன்மையனவாகவும் இருத்தல் வேண்டும். பட்டப்பின் மாணவரான வில்லியம் பப்பியன் 1950இல் நான்கே வளையங்களைக் கொண்டு இம்முறை இயங்குமெனக் காட்டினார். உலோக வளையங்கள் மெதுவாகவே திரும்பினமையால், ஆய்வு பெரைற்று என்னும் மட்பாண்டவகைப் பொருளுக்கு மாறியது. 1952இல் 256 பெரைற்று வளையங்கள் கொண்ட தளம் வெற்றிகரமாக இயங்கிற்று.

எனினும், ஒரு தளம் மேசைமீது இயங்குவது வேறு. கணனியொன்றின் முழு நினைவகமாக நாள்தோறும் உழைப்பது வேறு. இதனை அறிதற்பொருட்டு, கென் ஒல்சனின் பொறுப்பில் தனிக் கணனியொன்றே அமைக்கப்பட்டது. ‘நினைவகப் பரிசோதனைக் கணனி’ என்பதே அதன் பெயர். தளத்துக்கு 1,024 வளையங்களாக அடுக்கப்பட்ட நினைவகம் 1953இல் அதிற் சோதனைக்குள்ளாகித் தேறியது; அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வேள்விண்டுக்கு மாற்றப்பட்டது. நினைவகத்தை அணுகும் நேரம் 25 மைக்ரோ செக்கனிலிருந்து 9 ஆகக் குறைந்தது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வேண்டிய பராமரிப்பு, வாரத்துக்கு இரண்டு மணியாயிற்று. இரண்டு மணிக்கொருமுறை நேர்ந்த பழுது, இரு வாரங்களுக்கொருமுறையாக அருகியது.

இதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காந்த வளையமே கணனிகளின் முதன்மை நினைவகமாக நிலவிற்று. 1970இல் இன்ரெல் நிறுவனம் 1,024 இலக்கங்களைச் சேமிக்கும் குறைகடத்திச் சில்லை வெளியிட்டது; அப்பத்தாண்டிலேயே வளையங்கள் வழக்கொழியத் தொடங்கின.

உரிமைப்போட்டியின் முடிவில், வாங்கின் காப்புரிமைக்கு 1956இல் ஐந்து இலட்சம் டொலரையும், பொறெஸ்ரரின் காப்புரிமைக்காக 1964இல் 130 இலட்சம் டொலரையும் ஐ.பி.எம். நிறுவனம் வழங்கியது. காப்புரிமை கருத்துக்கே உரியது. ஆனால் 1949ஆம் ஆண்டுக் கருத்துக்கும் 1953ஆம் ஆண்டுக் கணனிக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள், வளையங்களைச் சோதித்தோரின் உழைப்பாற் கழிந்தவை. அவ்வுழைப்பின்றி அக்கருத்து வெறும் குறிப்பாகவே எஞ்சியிருக்கும். ஆதலின், நினைவகத்தின் வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் கண்டுபிடித்தவரின் இடத்துக்குக் குறைந்ததன்று.