கடுக்காயும் வனவுரிமையும்: செண்பகத்தோப்பை முன்வைத்துப் பீனாலியச் சேர்மங்களின் வரலாறு

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. இங்குப் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு உள்ளது. தேன், கிழங்கு, கடுக்காய் முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரிப்பது பளியர் வாழ்வோடு இணைந்த தொழிலாகும். இவற்றுள் கடுக்காய், பீனாலியச் சேர்மங்கள் மிகுந்தது. தமிழகத்தின் தோல் தொழிலுக்கும் சாயத் தொழிலுக்கும் மூலப்பொருளாக விளங்கியது. அத்தொழில்களின் வரலாறு துறைமுகத்தையும் தொழிற்கூடத்தையும் மையமாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. வனத்திலிருந்து நோக்கினால் அது வள உரிமையின் வரலாறாகவும் அமைவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

துவர்ப்பின் வேதியியல்

பென்சீன் வளையத்தோடு ஹைட்ராக்சில் தொகுதி நேரடியாக இணைந்த கரிமச் சேர்மங்கள் பீனால்கள் எனப்படும். 1834இல் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பீனாலைப் பிரித்தெடுத்தார். 1865இல் லிஸ்டர் அதனை அறுவை மருத்துவத்தில் கிருமித்தடுப்புப் பொருளாகப் பயன்படுத்தினார். தாவரங்களிலோ பீனாலியத் தொகுதிகள் பல இணைந்து டானின்களாக அமைகின்றன. டானின் புரதத்தோடு பிணையும் இயல்புடையது. உமிழ்நீர்ப் புரதத்தோடு பிணையும்போது அது துவர்ப்பாக உணரப்படுகிறது. விலங்குத் தோலின் கொல்லாஜனோடு பிணையும்போது தோல் அழுகாமல் காக்கப்படுகிறது. இரும்பு உப்போடு சேர்ந்து கருநீல நிறம் தருவதும் டானினின் இயல்பே. கடுக்காய் மைக்கும் கலம்காரித் துணியின் கருங்கோடுகளுக்கும் இவ்வியல்பே அடிப்படை.

டானின் என்னும் பெயர் ஐரோப்பிய அறிவியலில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1803இல் ஹம்ப்ரி டேவி வெளியிட்ட துவர்ப்பொருள் ஆய்வில் பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சென்ற காசுக்கட்டி இடம்பெற்றது. இந்தியக் கைவினைஞர் நெடுங்காலம் கையாண்ட பொருள்களுக்கு வேதியியல் விளக்கம் பின்னரே வந்தது.

தோல் தொழிலில் ஏற்பட்ட மாற்றங்கள்

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தோல்கள் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்டு இங்கிலாந்திற்கு ஏற்றுமதியாயின. ஆவாரையால் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதனைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீரில் ஊறவைக்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது இத்தோல்கள் பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்குப் பயன்பட்டன.

1903இல் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. வாரக்கணக்கில் நடந்த பணியைக் குரோமியம் நாள்கணக்கில் முடித்தமையால் தாவரப் பதனீடு மேலும் சுருங்கியது. இதன் விளைவுகளுள் ஒன்றைப் பாலாற்றுப் படுகை காட்டிற்று. தோல் தொழிற்கூடங்களின் கழிவுநீர் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. தாவரப் பதனீடும் கழிவற்றதன்று. அக்கழிவிலும் கரிமச் சுமை மிகுதி. எனினும் குரோமிய நச்சு அதில் இல்லை.

சேகரிப்போர் நிலை

சந்தை சுருங்கிய அதே நூற்றாண்டில் வனத்தின் சட்டநிலையும் மாறியது. செண்பகத்தோப்பை ஒட்டிய மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. இதற்கிடையில், சரணாலயங்களிலிருந்து பட்ட மரம், புல் முதலியவற்றை அகற்றுவதற்கு உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் தடை விதித்தது. அவ்வாணையின் ‘முதலியன’ என்னும் சொல், சிறு வனப்பொருள்களையும் உள்ளடக்குவதாகப் பொருள்கொள்ளப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருள்கள் மீதான உடைமையை வனவாழ் மக்களின் உரிமையாக ஏற்றது. சரணாலயங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

முடிவுரை

கடுக்காய் தொழிற்கூடத்தில் தன் இடத்தைப் பெரிதும் இழந்ததற்குக் காரணம் வேதியியல் மாற்றம். அதனைச் சேகரிப்போர் வனத்தில் தடையை எதிர்கொண்டதற்குக் காரணம் சட்டம். இவ்விரண்டையும் தனித்தனியே ஆராயும்போது சேகரிப்போர் இழந்தது முழுமையாகப் புலப்படுவதில்லை. இயற்கைச் சாயங்களுக்கும் தாவரப் பதனீட்டுக்கும் மீண்டும் வரவேற்புப் பெருகும் இக்காலத்தில், மூலப்பொருளின் தேவையைக் கணக்கிடுவதோடு அதன்மீது உரிமை உடையோர் யாவர் என்பதையும் ஆய்வுகள் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.