படம் தேர்ந்த வழிகள்: சேலம் – நாமக்கல் சமவெளியில் நோட்டீஸ் முதல் ஓடிடி வரை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் என்னும் டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுப்பகுதியில் தொடங்கிய இந்நிறுவனம், 1937இல் வெளியான ‘சதி அகல்யா’ முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. படம் எடுப்பதைப் போலவே, மக்கள் அதைத் தேர்ந்து பார்க்கச் செய்வதும் அக்காலத்தில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. இன்று ஓடிடி தளங்கள் பார்வையாளருக்குத் தரும் பல வசதிகளின் வேர்களை அத்தொழிலில் காணலாம். அவற்றுக்கிடையே உள்ள ஒற்றுமைகளையும் ஒரு முக்கியமான வேறுபாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மாட்டுவண்டியும் டூரிங் டாக்கீஸும்

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதன்பின் பேசும்படங்கள் சிறு நகரங்களையும் கிராமங்களையும் எட்டியபோது, படம் வந்த செய்தியை மாட்டுவண்டிகள் சுமந்து சென்றன. வண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, மேளம் அடித்து, தெருவெங்கும் நோட்டீஸ் வீசிச் செல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதியாக இருந்த காலம் அது. ஆகவே தட்டியில் இருந்த படமும் மேளத்தின் ஓசையும் எழுத்தைவிட அதிகம் பேசின.

டூரிங் டாக்கீஸ் கூடாரத்தில் ஒரு நேரத்தில் ஒரு படமே ஓடும். இந்தப் படத்துக்குப் போவதா, அடுத்த படம் வரும்வரை காசைச் சேர்த்து வைப்பதா என்பதே பார்வையாளரின் கேள்வி. மாலையில் ஒலிபெருக்கியில் இசைத்தட்டுப் பாடல் கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று பொருள். வயலிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் வீடு திரும்புவோர் பாட்டைக் கேட்டே முடிவு செய்தனர்.

பாட்டுப் புத்தகம்

தேர்வுக்கு உதவிய கருவிகளில் நுட்பமானது பாட்டுப் புத்தகம். சில காசுக்குக் கிடைத்த இச்சிறு நூலில் நடிகர் பட்டியல், பாடல் வரிகள், கதைச் சுருக்கம் ஆகியவை இருக்கும். கதைச் சுருக்கம் சிக்கலான இடத்தில் நின்றுவிடும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற வரி அதை முடித்துவைக்கும். எவ்வளவு சொன்னால் ஆவல் பிறக்கும், எவ்வளவு சொன்னால் ஆவல் அழியும் என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தனர். இன்று ஓடிடி தளத்தில் படத்தின் பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரிக் குறிப்பு அதே வேலையைச் செய்கிறது.

சுவரொட்டி சொன்ன சேதி

சுவரொட்டி நடிகர் முகத்தோடு தகவலையும் தந்தது. ‘வெற்றிகரமான 5ஆவது வாரம்’ என்ற துண்டுச்சீட்டு பலர் பார்த்த படம் என்பதற்குச் சான்று. ‘இன்றே கடைசி’ என்ற சீட்டு, தவறினால் கிடைக்காது என்று எச்சரித்தது. தியேட்டர் வாசலில் தொங்கும் ஹவுஸ்ஃபுல் பலகை இரண்டையும் ஒருசேரச் சொன்னது. ஓடிடி தளங்களின் ‘முதல் 10’ வரிசையும் ‘விரைவில் நீக்கப்படும்’ என்ற அறிவிப்பும் இவற்றின் வழிவந்தவை.

தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் ஓர் அடையாளக் குறியாகவே இருந்தது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ (1940), எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966) என்று மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் வந்தன. சண்டையும் மர்மமும் விறுவிறுப்பும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பை அந்தப் பெயரே எழுப்பியது.

பார்வையாளருக்கு முன்பே தேர்ந்தெடுத்தவர் விநியோகஸ்தர். தமிழ்த் திரைப்பட வணிகத்தில் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் சேர்ந்த பகுதி ‘சேலம் ஏரியா’ எனப்படுகிறது. அவர் வாங்கிய படப்பெட்டி பெரிய ஊர்களில் ஓடி முடித்து, பிறகு சிற்றூர்களுக்குச் செல்லும். இந்தத் தாமதத்தால் ஒரு நன்மையும் உண்டு. நகரத்தில் பார்த்தவர்களின் பேச்சு படத்துக்கு முன்பே ஊருக்கு வந்துசேரும். ‘படம் எப்படி?’ என்ற கேள்விக்கு உறவினரோ கடைக்காரரோ சொன்ன பதில், எந்த நோட்டீஸையும்விட வலிமையானது.

விற்பவர் அல்லாதவரின் குரல்

விளம்பரத்துக்கு அப்பால் நின்று சொல்லும் குரல்களும் எழுந்தன. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதினார். பின்னாளில் அதே இதழ் படங்களுக்கு மதிப்பெண் தந்தது. ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62.5 மதிப்பெண் இன்றும் பேசப்படுகிறது. அரசின் தணிக்கைச் சான்றிதழும் ஒரு வழிகாட்டியே. 1951இல் ‘மர்மயோகி’ வயது வந்தோருக்கான ‘ஏ’ சான்றிதழ் பெற்றபோது, யார் பார்க்கலாம் என்ற தகவல் சுவரொட்டியிலேயே ஏறியது.

பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் இவ்வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தன. விவித பாரதியின் விளம்பரதாரர் நிகழ்ச்சியில் புதுப்படத்தின் வசனமும் பாடலும் ஒலித்தன. சென்னைத் தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’ பாடல் காட்சிகளைக் காட்டியது. 1993இல் தொடங்கிய சன் டிவி, ‘டாப் 10 மூவிஸ்’ நிகழ்ச்சியால் படங்களை வரிசைப்படுத்தியது.

பரிந்துரைக் கணினி

நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ ஆகிய இரண்டும் 2016இல் இந்தியாவுக்கு வந்தன. இப்போது சிக்கல் தலைகீழானது. கூடாரத்தில் ஒரே படம் இருந்த இடத்தில், கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்தன. நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, பார்வையாளர் 60 முதல் 90 விநாடிகளுக்குள், 10 முதல் 20 தலைப்புகளை நோக்கியபின் ஆர்வம் இழக்கிறார். அதற்குள் அவருக்குப் பிடித்ததைக் காட்டுவதே வடிவமைப்பாளரின் பணி.

இதற்காகப் பல முயற்சிகள் நடந்தன. தன் கணிப்பை 10 விழுக்காடு மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்ஃபிளிக்ஸ் 2006இல் அறிவித்த பரிசை 2009இல் ஓர் ஆய்வுக் குழு வென்றது. 2017இல் ஐந்து நட்சத்திர மதிப்பீடு நீங்கி, கட்டைவிரல் குறி வந்தது. அதே காலத்தில், ஒரே படத்துக்கு ஒவ்வொருவரின் ரசனைக்கேற்ப வெவ்வேறு முகப்புப் படம் காட்டும் முறையும் நடைமுறைக்கு வந்தது. 2021இல் தானே ஒரு படத்தைத் தேர்ந்து ஓடவிடும் பொத்தானும் அறிமுகமானது.

எது மாறியது?

முன்பு விற்பவரின் குரலும் மதிப்பிடுபவரின் குரலும் தனித்தனியே கேட்டன. நோட்டீஸ் விளம்பரம் என்பது சிறுவனுக்கும் தெரியும். விமர்சனம் வேறொருவர் எழுதியது. பரிந்துரை வரிசையிலோ இரண்டும் கலந்துவிட்டன. ஒரு படம் பார்வையாளரின் ரசனையால் முன்னே வந்ததா, நிறுவனத்தின் தேவையால் வந்ததா என்பதை அவரால் எளிதில் அறிய முடிவதில்லை. மேலும், ஊர் முழுவதும் பார்த்த சுவரொட்டி ஒன்றே. அதனால் அதைப் பற்றித் திண்ணையில் பேச முடிந்தது. ஆளுக்கொரு முகப்புப் படம் என்றானபின் அந்தப் பொதுப்பேச்சு குறைகிறது.

பழைய படங்களின் நிலையும் இதனோடு இணைந்தது. பலர் பார்த்ததை மேலும் பலருக்குக் காட்டுவது பரிந்துரைக் கணினியின் இயல்பு. குறைவாகப் பார்க்கப்பட்ட படம் குறைவாகவே காட்டப்படுகிறது, அதனால் பார்ப்போர் மேலும் குறைகின்றனர். டூரிங் டாக்கீஸிலோ பழைய படங்கள் திரும்பத் திரும்ப வந்தன. புதுத்தலைமுறை அவற்றைத் தேடாமலேயே பார்த்தது. சேலத்தில் உருவான முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) படத்துக்கு இன்று பிரதியே இல்லை. பிரதி எஞ்சிய படங்களும் எவர் கண்ணிலும் படாமல் போனால், அவற்றின் நிலை ‘பால’னின் நிலைக்கு அருகிலேயே இருக்கும்.

இவற்றைச் சரிசெய்வது வடிவமைப்பால் இயலும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓடிடி படைப்புகளுக்கு யு, 7+, 13+, 16+, ஏ என வயது வகைப்பாட்டைக் கட்டாயமாக்கின. அதுபோலவே, ஒரு படம் ஏன் காட்டப்படுகிறது என்ற காரணத்தையும், விளம்பரம் எனில் அக்குறிப்பையும் அருகில் இடலாம். மொழி, ஆண்டு, தயாரிப்பு நிறுவனம் வாரியாகத் தேடும் வசதியை முகப்பிலேயே வைக்கலாம். அப்போது ‘மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம்’ என்ற பெயரைத் தொட்டு ‘உத்தம புத்திர’னையோ ‘மந்திரி குமாரி’யையோ ஒரு மாணவர் கண்டெடுக்க முடியும்.