பார்த்த படமும் பேசிய பேச்சும்: உல்லாஸ்நகர் முதல் மாட்டுங்கா வரை

தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பட்டது. 1931 மார்ச் 14 அன்று வெளியான முதல் இந்தியப் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வுக்காக அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் அமைத்திருந்த அரங்குகளிலேயே எச். எம். ரெட்டியின் இயக்கத்தில் உருவாகி, அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையின் கினிமா சென்ட்ரலில் அது திரையிடப்பட்டது. அதைப் பற்றிச் ‘சுதேசமித்திரன்’ நாளிதழ் வெளியிட்ட மதிப்புரை, பேசும்படம் குறித்துத் தமிழில் எழுந்த முதல் கருத்துரைகளுள் ஒன்று. எனவே தமிழ்த் திரைக்கும் பம்பாய்க்கும் உள்ள உறவு, வேலை தேடி அந்நகருக்குச் சென்ற தமிழர் படம் பார்க்கத் தொடங்கியதால் மட்டும் ஏற்பட்டதன்று. ஆயினும் படம் எடுத்தோரின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு, படத்தைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசியோரின் வரலாறு கவனம் பெறவில்லை. மும்பைத் தமிழரைப் பொறுத்தவரை இது பெருங்குறை. அவர்கள் பேசிய படங்களுள் முக்கியமான சில, அவர்களைப் பற்றியே எடுக்கப்பட்டவை.

நகரின் வடகிழக்கில், கல்யாணைக் கடந்ததும் வரும் உல்லாஸ்நகர், இந்த வரலாற்றில் ஒரு விளிம்பு ஊர். இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர் தங்கிச் செல்வதற்காகக் ‘கல்யாண் கேம்ப்’ என்ற பெயரில் அமைந்த முகாமே, நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகளின் குடியிருப்பாக மாறியது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி). அகதிமுகாம் ‘கேம்ப் 1’ முதல் ‘கேம்ப் 5’ வரை எண்களால் பிரிக்கப்பட்டு, அவ்வெண்களே இன்றும் முகவரிகளாக வழங்குகின்றன. ஷஹாடின் செயற்கைப் பட்டு ஆலையும் அம்பர்நாத்தின் படைக்கலத் தொழிற்சாலையும் பல மாநிலத்தவரை இப்பகுதிக்கு ஈர்த்தபோது, தமிழரும் சிந்தியருக்கு அண்டை வீட்டாராயினர்.

அடிக்கல் நாட்டிய ராஜாஜிக்குத் திரைப்படத்தின்மேல் மதிப்பு இருந்ததில்லை. அது மக்களின் மனத்தைக் கெடுக்கும் என்றே அவர் கருதினார். எனினும் 1958-இல் வெளிவந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தைப் பார்த்து, பரதனாக நடித்த சிவாஜி கணேசனை அவர் பாராட்டிய செய்தி தமிழ்நாடெங்கும் பரவி, இன்றுவரை சொல்லப்பட்டுவருகிறது. விமர்சகரின் கட்டுரையைவிட, மதிப்புக்குரிய ஒருவர் படம் பார்த்துச் சொன்ன ஒரு சொல் வெகுதூரம் பயணிக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. புலம்பெயர்ந்தோர் ஊர்களில் இத்தகைய சொல்லுக்கு மேலும் வலிமை இருந்தது. உல்லாஸ்நகரில் இருப்பவர் தமிழ்ப் படம் பார்க்கப் புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து மாட்டுங்காவுக்கு வரவேண்டியிருந்த காலத்தில், பயணச் செலவும் ஒரு விடுமுறை நாளும் வீணாகாதா என்பதை, முன்பே பார்த்துவந்தவரின் கருத்தைக் கேட்டுத்தான் தீர்மானிக்க முடிந்தது.

மாட்டுங்கா இத்தகைய படப்பேச்சுக்கு ஏற்ற இடமாக இருந்தது. 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952-இல் உருவான சண்முகானந்த சபாவும், கோயில்களும், சாப்பாட்டு விடுதிகளும் சூழ்ந்த அப்பகுதியில், கிங்ஸ் சர்க்கிள் அருகே நின்ற அரோரா திரையரங்கு தென்னிந்தியப் படங்களுக்கென்றே பெயர்பெற்றது. செம்பூரில் வாழ்ந்த அலுவலகப் பணியாளரும் தாராவியின் தோல் தொழிலாளரும் ஒரே அரங்கில் அமர்ந்து ஒரே படத்தைப் பார்த்தனர். ஆனால் அவர்கள் அதைப் பற்றிப் பேசிய இடங்கள் வேறு. முன்னவர்க்குச் சபாவும் வாரப் பத்திரிகையும் இருந்தன. பின்னவர்க்குத் தேநீர்க் கடையும், ஊர்ச் சங்கமும், முடிதிருத்தும் நிலையமும் இருந்தன. ஊரிலிருந்து வந்த வார இதழ்கள் இவ்விரு தரப்பையும் ஓரளவு இணைத்தன. படங்களுக்கு மதிப்பெண் இட்டுவந்த ‘ஆனந்த விகடன்’ 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 வழங்கியது; அந்த எண் பல ஆண்டுகள் தமிழர் வாதங்களில் அளவுகோலாக நின்றது.

இந்தப் பேச்சு எப்போதும் அச்சமின்றி நடந்ததாகக் கொள்ள முடியாது. 1966-இல் தோன்றிய சிவசேனை, தென்னிந்தியரை வேலைப் போட்டியாளராகக் காட்டி இயக்கம் நடத்தியதோடு, 1968-இல் சென்னையில் தயாரான இந்திப் படங்களைத் திரையிடுவதையும் எதிர்த்தது. தமிழ்ப் பெயர்ப்பலகை மாட்டிய கடைக்காரரே தயங்கிய அக்காலத்தில், தமிழ்ப் படம் ஓடும் அரங்கு பொழுதுபோக்கிடம் என்பதைக் கடந்து, உரக்கத் தமிழ் பேசக்கூடிய இடமாகவும் விளங்கியது.

தொலைக்காட்சி இக்காட்சியை மாற்றியது. 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கிய பம்பாய் தூர்தர்ஷனில் தமிழுக்கு இடமில்லை. 1984-இல் தேசிய ஒளிபரப்பில் வந்த ‘ஹம் லோக்’, கதை வாரந்தோறும் நீண்டுசெல்லும் தொடர் என்ற வடிவத்தை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நேயரிடம் பேசியதால், லட்சக்கணக்கான கடிதங்கள் வந்தன. பார்ப்பவரின் கருத்து தொலைக்காட்சிக்குத் திரளாக வந்துசேர்ந்த நிகழ்வு அது. தமிழுக்கோ ‘டெக்’ துணைநின்றது. வீடியோ நாடாவை ஓட்டும் கருவிக்குத் தமிழர் இட்ட பெயரே ‘டெக்’. அதை ஓரிரவு வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று படங்களை அடுத்தடுத்துப் போட்டு, அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடிப் பார்த்தனர். அரங்கில் இருளில் அடங்கியிருந்த கருத்து, இங்கே படம் ஓடும்போதே வெளிப்பட்டது. அதுவரை அரங்குக்கு அரிதாகவே சென்ற பெண்கள் இப்பேச்சில் சம பங்கு கொண்டது இதன் மிகப்பெரிய பயன். 1993-இல் தொடங்கிய சன் டிவியும், 1999-இல் வந்த ‘சித்தி’ போன்ற தொடர்களும் இந்தப் பழக்கத்தை நாள்தோறும் நிகழ்வதாக்கின.

ஆனால் மும்பைத் தமிழரின் திரைப்பேச்சு தன் முழு உருவை அடைந்தது, 1987 தீபாவளிக்கு மணிரத்னத்தின் ‘நாயகன்’ வந்தபோதுதான். தூத்துக்குடியிலிருந்து தப்பி வந்த சிறுவன் தாராவியின் தலைவனாகும் கதை, பம்பாயில் தாதாவாக விளங்கிய வரதராஜன் முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். படம் வெளியானபோது அவர் உயிரோடு இருந்தார். 1988 ஜனவரியில் சென்னையில் இறந்தார். மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே ஆண்டுதோறும் அவர் அமைத்த பிள்ளையார் பந்தலுக்குச் சென்றுவந்தவர்கள், திரையில் அத்தலைவனாக வந்த வேலு நாயக்கரைத் தாங்கள் கண்ட மனிதருடன் ஒப்பிட்டுப் பார்த்தனர். கமல்ஹாசனின் நடிப்புக்கும், பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவுக்கும், தோட்டா தரணியின் கலை இயக்கத்துக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. படத்தின் தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி எழுப்பிய அரங்கு. சென்னைப் பார்வையாளர் அந்த அரங்கின் திறமையை வியந்தனர் என்றால், தாராவிப் பார்வையாளர் அதன் சந்துகளைத் தம் சந்துகளோடு பொருத்திப் பார்க்கும் உரிமை பெற்றிருந்தனர். முன்னது ரசனை, பின்னது சாட்சியம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் திரை வரலாறு, இரண்டாவதன் மதிப்பை இழந்துவிடுகிறது.

ஆவணப்படத்துக்கு, அதாவது நடிப்பின்றி உண்மை மனிதரையும் நிகழ்வையும் பதிவுசெய்யும் படத்துக்கு, சாட்சியம் பற்றிய இக்கருத்து மேலும் பொருந்தும். பம்பாயின் நடைபாதைக் குடிசைகள் இடிக்கப்பட்டதைப் பதிவுசெய்த ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ (1985), வீடிழந்தோரின் பேச்சையே தன் பொருளாக்கியது. அதில் மக்கள் கேமராவை நோக்கிப் பேசுகின்றனர். ‘நாயகன்’ பார்த்தவர்கள் கேமரா இல்லாத இடத்தில் பேசினர்.

1995-இல் வந்த மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படத்தில் கதைத்தலைவன் திருநெல்வேலிக்காரன். தாராவித் தமிழருள் பெரும்பாலோரும் அம்மாவட்டத்திலிருந்து வந்தவர்களே. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் 900 பேரைப் பலிகொண்ட இந்து-முஸ்லிம் கலவரத்தில் தாராவியும் எரிந்தது. அக்கலவரத்தைக் காட்டிய படம் தணிக்கையைக் கடந்து, சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் பார்வைக்கும் சென்ற பின்னரே நகரில் திரையிடப்பட்டது. சில மாதங்களில் மணிரத்னத்தின் சென்னை வீட்டில் குண்டு வீசப்பட்டது. திரையில் கலவரம் ஓர் இணையரின் காதலுக்குப் பின்னணியாயிற்று. அதில் வீடும் உறவும் இழந்தவர்க்கு அது பின்னணியாக இருக்க முடியாது.

2018 ஜூன் 7 அன்று வெளியான பா. ரஞ்சித்தின் ‘காலா’வும் பெரும்பாலும் சென்னையில் போட்ட அரங்கில்தான் தாராவியைக் காட்டியது. ஆயினும் அதன் கதைத்தலைவன் கரிகாலன், ஒரு தாதாவாக நின்றுவிடாமல், நிலத்துக்காக நிற்பவனாக வந்தான். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004 முதல் அரசு ஏடுகளில் இருந்துவந்ததால், அப்படத்தைப் பற்றிய விவாதம் நடிப்பு, இசை என்ற எல்லைக்குள் நிற்கவில்லை. யாருக்கு வீடு கிடைக்கும், யார் தகுதியற்றவர் என ஒதுக்கப்படுவார், ஒதுக்கப்பட்டவர் எந்தப் புறநகருக்கு அனுப்பப்படுவார் என்னும் கேள்விகளுக்கு அது நீண்டது. 2022 நவம்பரில் அத்திட்டத்துக்கான ஏலம் அதானி குழுமத்துக்குச் சென்றபின், ‘காலா’வைக் கைப்பேசியில் மீண்டும் பார்க்கும் ஒருவர், படத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் தன் வீட்டைப் பற்றியே சொல்கிறார்.