ஈய வரியும் புழுங்கலரிசியும்

ஒரு நாட்டின் நோயை அந்நாட்டு மண்ணிலேயே ஆராய்ந்தால்தான் அதன் வேரைக் காண இயலும். ஆனால், ஆராய்வதற்குக் கூடம் வேண்டும். கூடத்திற்குக் கருவிகள் வேண்டும். கருவிகளைக் கையாளப் பயின்றோர் வேண்டும். இவை அனைத்திற்கும் ஆண்டு தவறாமல் பணம் வேண்டும். செல்வம் கொழிக்கும் தலைநகரங்களில் இவை தாமே வந்து சேரும். காடும் சுரங்கமுமாய்க் கிடந்த ஒரு நிலப்பகுதியில் இவற்றை அமைக்க அரசு முன்வந்தால் என்ன விளையும் என்பதற்குக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896ஆம் ஆண்டில் ஒரே நிர்வாகத்தின் கீழ் கூட்டு மலாய் மாநிலங்களாக இணைந்தன. அவ்வரசின் வருவாயில் பெரும்பகுதி ஈய ஏற்றுமதி வரியாக வந்தது. அந்த ஈயத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் தென்சீனத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களை ‘பெரிபெரி’ என்னும் நோய் கூட்டங்கூட்டமாக வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் நெஞ்சம் தளர்ந்து உயிர் பிரியும். தொழிலாளர் மடிந்தால் ஈயம் இல்லை. ஈயம் இல்லையேல் வரியும் இல்லை. 1900ஆம் ஆண்டில் தலைமை ரெசிடெண்ட் சர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் முயற்சியால் கோலாலம்பூரில் ஆய்வுக்கூடம் தோன்றியதற்கு இரக்கம் மட்டுமே காரணமன்று. கணக்கும் ஒரு காரணமாகும். ஆயினும், மாண்டவர்களின் உழைப்பிலிருந்து பெற்ற வரி, அவர்கள் மாண்டதன் காரணத்தை அறியச் செலவிடப்பட்டது என்பது வரலாற்றில் குறிக்கத்தக்கது.

கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட். பெரிபெரியை ஒரு நுண்கிருமியே உண்டாக்குகிறது என்பது அவர் கொள்கை. அக்கொள்கை தவறென்று பின்னாளில் தெளிந்தது. 1903இல் அவர் பொறுப்பை விட்டு விலகினார். முதல் முயற்சி பலிக்கவில்லை என்று அரசு கூடத்தை மூடியிருந்தால், இவ்வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். அரசோ மூடவில்லை. ஆராய்ச்சிக்குத் தரும் பணம் கடைச்சரக்கிற்குத் தரும் விலை போன்றதன்று; விதைநெல் போன்றது. முதற்போகம் பொய்த்தாலும் மறுபோகத்திற்கு விதைத்தே ஆகவேண்டும்.

விடையின் முதல் நூலிழை அடுப்படியில் கிடைத்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உற்றுநோக்கினார். தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் நோயுற்றனர். புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. அவ்வப்போது புதிதாக நெல் குற்றி உண்ட மலாய்க்காரரும் தப்பினர். தம் முடிவுகளைப் பிராடன் 1907இல் நூலாக வெளியிட்டார். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன்பின் குற்றுவது தமிழர் வழிவழியாகக் கைக்கொண்ட முறையாகும். அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது என்பதை அன்று யாரும் அறியார். பிராடனும் பழைய வெள்ளை அரிசியில் நஞ்சு ஊறுவதாகவே கருதினார். அவர் கண்டது உண்மை. கற்பித்த காரணமோ பிழை.

கண்டதைச் சோதித்துப் பார்க்க ஆய்வு தேவைப்பட்டது. 1905 டிசம்பரில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினருக்கு வெள்ளை அரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. வெள்ளை அரிசி உண்டோரிடையே பெரிபெரி பரவி 18 பேர் மாண்டனர். மற்றப் பிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. அடுத்து 1907 முதல் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். வெள்ளை அரிசிப் பிரிவில்தான் நோய் தோன்றியது. உணவை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. அரிசியில் நஞ்சு இல்லை. தீட்டும்போது ஏதோ ஒரு சத்து நீங்கிவிடுகிறது என்று அவர்கள் நிறுவினர்.

நீரிணைக்கு அப்பால், பத்தாவியாவில் டச்சு அரசு நிறுவிய ஆய்வுக்கூடத்தில் எய்க்மன் கோழிகளைக் கொண்டும், அவருக்குப்பின் கிரைன்ஸ் 1901இலும் இதே திசையில் உண்மை கண்டிருந்தனர். 1912இல் காசிமிர் பங்க் இத்தகைய சத்துகளுக்கு ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். 1926இல் பத்தாவியாவிலேயே ஜான்சன், டோனாத் இருவரும் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். உலகம் முழுதும் பயன்படும் ஊட்டச்சத்து அறிவியலின் அடித்தளக் கற்களுள் சில ஐரோப்பாவில் அன்றி இவ்வட்டாரத்தில் நடப்பட்டன.

இப்பெருமையோடு ஒரு கறையும் உண்டு. விடுதியில் அடைபட்டோரும் காட்டில் கல்லுடைத்தோரும் தம் விருப்பத்தால் ஆய்வுக்கு உட்பட்டவர் அல்லர். எவர் தட்டில் எந்த அரிசி விழுந்ததோ, அதுவே அவர் விதியாயிற்று. ஆய்வாளரின் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. மாண்ட பதினெண்மரின் பெயர்களை உலகம் அறியாது. ஆராய்ச்சிக்குப் பொருள் ஒதுக்கும் அரசு, ஆராயப்படுவோரின் உரிமையையும் காக்கவேண்டும் என்னும் இன்றைய நெறிக்கு இத்தகைய நிகழ்ச்சிகளே காரணமாயின.

பெரிபெரியில் தப்பிய தமிழ்த் தொழிலாளரை மலேரியா விடவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் அது எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்தது. 1901 முதல் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மருத்துவர் மால்கம் வாட்சன் அரசுச் செலவில் சதுப்பு நீரை வடித்தும் காட்டை வெட்டியும் நோயைக் குறைத்தார். கடலோரக் கொசு நிழலில் வாழ்வது. நிழல் போனதும் அது அழிந்தது. அதே முறையை மலைப்புறத் தோட்டங்களில் பின்பற்றியபோதோ நோய் பெருகியது. அங்குள்ள கொசு வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடும் வேறோர் இனம். ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்திய பின்னரே நோய் தணிந்தது. கடலோரத்தில் மருந்தானது மலைப்புறத்தில் நஞ்சானது. சில மைல் தொலைவிலேயே இத்தகைய வேறுபாடு இருக்குமாயின், இலண்டனில் அமர்ந்து எழுதும் மருத்துவக் குறிப்பு எவ்வாறு பயன்படும்?

1948இல் இக்கழகம் மீண்டும் உலகின் கண்ணைக் கவர்ந்தது. செம்பனைத் தோட்டத் தொழிலாளரையும் தாக்கிவந்த புதர்க்காய்ச்சலுக்குக் குளோரம்பெனிகால் என்னும் மருந்து பலனளிப்பதை, அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மாடெல் குழுவினர் கழகத்தின் லூத்வெயிட், சவூர் ஆகியோருடன் இணைந்து கண்டறிந்தனர். அம்மருந்து டைபாய்டு காய்ச்சலையும் தணிப்பது அதே ஆண்டில் கோலாலம்பூரில் தெரியவந்தது. பன்னாட்டுக் குழு இங்கு வந்ததற்குக் காரணம், பல்லாண்டு அறிவைத் திரட்டிவைத்திருந்த கூடம் இங்கு இருந்தமையே.

பின்னாளிலும் இப்பாடம் பொய்க்கவில்லை. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணையாளரிடையே பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளையழற்சி என்றே கருதினர். கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் பயன் தரவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் வளர்த்தெடுத்த கிருமி, முன்பு யாரும் அறியாத ஒன்று. அதனை முழுமையாக இனங்காண அவர் அமெரிக்க ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச்செல்ல நேர்ந்தது. நீப்பா எனப் பெயர் பெற்ற அந்நோய் 265 பேரைத் தாக்கி 105 பேரைப் பலிகொண்டது. உள்நாட்டில் ஆய்வுத்திறன் இருந்ததால் உண்மை வெளிப்பட்டது. அத்திறன் நிறைவாக இல்லாமையால் கிருமி கடல் கடந்தது.

ஏழையரின் நோய்க்கு மருந்து காண்பதில் வணிகருக்கு ஊதியம் குறைவு. தொலைநாட்டு அறிஞர்க்கு அது அக்கறைக்குரியதாக இருக்கலாம், அவசரமாகத் தோன்றுவதில்லை. எனவே, வசதி குன்றிய வட்டாரங்களில் ஆய்வுக்கூடம் அமைப்பது அரசின் கடமையாகின்றது. கூடம் அமைத்த நாளில் பயன் தெரியாது. பயன் தெரியும் நாளில் கூடம் அமைக்க நேரமிராது. அறிவியல் கற்கும் தமிழ் மாணவர்க்கு இவ்வரலாறு சொல்லும் செய்தி தெளிவானது: வீட்டு அடுப்பில் அவிந்த நெல் உலக அறிவியலுக்கு வழிகாட்டியது, ஆனால், அதைக் கேள்வியாக்கிச் சோதித்துப் பார்க்கப் பொருளும் பயிற்சியும் பொறுமையும் ஓரிடத்தில் கூடவேண்டியிருந்தன.