கைவண்டி இழுத்து வந்தவர்களும் சுட்ட உருளைக்கிழங்கும்



எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கத்துல வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோட ரெண்டு ரெண்டு பேரா நடந்து போற இளைஞர்களைப் பார்த்திருப்பீங்க. அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கிட்டு இருந்தப்ப நம்ம பிள்ளைகள்ல ஒருத்தர், "இவங்க யாரு அண்ணே?"ன்னு கேட்டார். மோர்மன்கள்னு மட்டும்தான் எங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சது. அப்புறம் நாங்க சில பேர் சேர்ந்து தேடிப் படிச்சோம். அதுல 1856-ல் நடந்த ஒரு சம்பவம் மனசை விட்டுப் போகவே இல்ல. அவங்க சமயம் வேற, நம்ம சமயம் வேற. ஆனா கூட்டம் சேர்த்து வேலை செய்யறவங்க யாரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல முன்கதை. 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் இந்தச் சபையைத் தொடங்கினார். அக்கம்பக்கத்தாருக்கு இவங்களைப் பிடிக்கல. ஒஹாயோ, மிசூரி, இலினோய்னு ஊர் ஊரா மாற வேண்டியதாச்சு. 1838-ல் மிசூரி ஆளுநரே இவங்களை மாநிலத்தை விட்டுத் துரத்தச் சொல்லி ஆணை போட்டார். இலினோயில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூன்னு ஒரு ஊரைக் கட்டினாங்க. 1844-ல் அங்கேயும் வம்பு முற்றி, சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணனையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்னுடுச்சு.

அடுத்து வந்த தலைவர் பிரிகம் யங். 1846 பிப்ரவரியில், குளிர்காலத்திலேயே, ஜனங்களைக் கூட்டிக்கிட்டு மேற்கே கிளம்பினார். வழியில் ஐயோவாவில் ஒரு வேலை செஞ்சாங்க. முன்னால போனவங்க அங்கங்கே நிலத்தை உழுது விதை போட்டுட்டுப் போனாங்க, பின்னால வர்றவங்க அறுத்துச் சாப்பிடட்டும்னு. விதைச்சவங்களுக்கு அந்த விளைச்சலில் ஒரு பிடிகூடக் கிடைக்காதுன்னு தெரிஞ்சும் விதைச்சாங்க. 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தாங்க. இன்றைய யூட்டா மாநிலம் அது.

ஐரோப்பாவிலும், முக்கியமா இங்கிலாந்தில், நிறைய ஏழைத் தொழிலாளிகள் இந்தச் சபையில் சேர்ந்திருந்தாங்க. அவங்களையும் அழைச்சு வரணும். அதுக்கு 1849-ல் ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. பயணச் செலவைக் கடனா கொடுப்பாங்க. போய்ச் சேர்ந்ததும் உழைச்சுத் திருப்பிக் கட்டணும். அந்தப் பணத்தில் அடுத்த ஆள் வருவார். நம்ம ஆட்கள் பிடிக்கிற கூட்டு மாதிரி, சுத்தி வர்ற பணம்.

1855-ல் யூட்டாவில் வெட்டுக்கிளி பயிரைத் தின்னுடுச்சு. நிதியில் பணம் இல்ல. மாட்டு வண்டி வாங்க முடியாது. அப்போ பிரிகம் யங் சொன்ன யோசனைதான் கைவண்டி. ரயில் ஐயோவா சிட்டி வரைக்கும் போகும். அங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர், சாமான்களைக் கைவண்டியில் வச்சு மனுஷங்களே இழுத்துக்கிட்டு நடக்கணும். ஒரு வண்டிக்குச் சுமார் அஞ்சு பேர். பெரியவங்க ஒருத்தருக்குச் சாமான் 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு. இன்னைக்கு நம்ம விமானத்தில் கையில எடுத்துட்டுப் போற பை அளவுதான், அதுவும் வாழ்நாள் முழுசுக்கும்.

1856-ல் முதல் மூணு குழுவும் நல்லபடியா போய்ச் சேர்ந்தது. கடைசி ரெண்டு குழு, ஜேம்ஸ் வில்லி தலைமையில் ஒண்ணு, எட்வர்ட் மார்ட்டின் தலைமையில் ஒண்ணு, ரெண்டும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல. இவங்க கப்பலே தாமதமாத்தான் கிளம்புச்சு. ஐயோவா வந்து பார்த்தா வண்டி தயாரா இல்ல. அவசர அவசரமா காயாத பச்சை மரத்தில் செஞ்சு கொடுத்தாங்க. எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க, இதைப் படிச்சதும் எங்களுக்கு வயிறு கலங்குச்சு. பச்சை மரம் வெயிலில் காய்ஞ்சா சுருங்கும், சக்கரம் ஆடும். மணல் புகுந்தா அச்சு தேயும். நாள் கடந்துபோச்சு, சரக்கும் சரியில்லை, ஆனாலும் அனுப்பிடுங்கன்னு சொல்ற மீட்டிங்கில் நாங்களும் உட்கார்ந்திருக்கோம்.

அப்படி ஒரு மீட்டிங் ஆகஸ்ட் 13-ஆம் தேதி நெப்ராஸ்காவில் புளோரன்ஸ் என்ற இடத்தில் நடந்துச்சு. போகலாமா, இங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கலாமா? லீவை சாவேஜ் என்றவர் எழுந்து நின்னார். பர்மாவில் சுமார் ரெண்டு வருஷம் மதப்பணி செஞ்சுட்டு ஊர் திரும்பிக்கிட்டு இருந்தவர் அவர். அந்த மேற்குப் பாதை அவருக்குத் தெரியும். வயசானவங்களும் பிள்ளைகளும் இருக்காங்க, இப்போ போனா பனியில் மாட்டுவோம், சாவு வரும்னு வெளிப்படையா சொன்னார். மத்தவங்க, கடவுள் வழிவிடுவார்னு சொன்னாங்க. அவருக்கு நம்பிக்கை பத்தாதுன்னு பேச்சு வந்துச்சு. கூட்டம் போகலாம்னு முடிவு பண்ணுச்சு.

சாவேஜ் கண்ணில் தண்ணி வந்துச்சாம். நான் சொன்னது உண்மை, ஆனாலும் நீங்க போனா நானும் வர்றேன், உங்களோட சேர்ந்து கஷ்டப்படுறேன், வேணும்னா சேர்ந்து சாகுறேன் என்ற கருத்தில் பேசினார். சொன்னபடி கூடவே போனார்.

அவர் சொன்னதுதான் நடந்துச்சு. வழியில் மாடுகள் ஓடிப்போச்சு, மாவு குறைஞ்சுது, படி அளவைக் குறைச்சாங்க. அக்டோபர் 19-ஆம் தேதி இன்றைய வயோமிங் மாநிலத்தில் பனிப்புயல் பிடிச்சுது. அதே நாள் மார்ட்டின் குழு பிளாட் ஆற்றைக் குளிர் தண்ணியில் இறங்கிக் கடந்துச்சு. வில்லி குழு ஒரு மலைமேட்டை ஏறிக் கடந்த பிறகு, ஒரே குழியில் 13 பேரைப் புதைச்சாங்க. ரெண்டு குழுவிலும் சேர்த்து இறந்தவங்க 200 பேருக்கு மேல.

இவங்க இன்னும் வழியில் இருக்காங்கன்னு சால்ட் லேக்கில் தெரிஞ்சதே அக்டோபர் 4-ஆம் தேதிதான். மறுநாள் ஞாயிறு. பெரிய பிரார்த்தனைக் கூட்டம். பிரிகம் யங் உபதேசத்தை விட்டுட்டு லிஸ்ட் வாசிச்ச மாதிரி பேசினார்: கோவேறு கழுதை, வண்டி, 12 டன் மாவு, 40 வண்டியோட்டிகள் வேணும். இன்னைக்கு இதுதான் மதம், அவங்களைக் கொண்டு வராம எந்த விசுவாசமும் உங்களைக் காப்பாத்தாதுன்னு சொன்னார். பெண்கள் அங்கேயே காலுறையையும் உள்பாவாடையையும் கழற்றி வண்டிக்குக் கொடுத்தாங்க. அக்டோபர் 7-ஆம் தேதியே முதல் வண்டிகள் கிளம்பிடுச்சு. மாசக் கடைசிக்குள்ள சுமார் 250 வண்டிகள் பாதையில் இருந்துச்சு.

நவம்பர் 30, அதுவும் ஞாயிறு. மார்ட்டின் குழு அன்னைக்குத்தான் ஊருக்குள்ள வருது. காலைக் கூட்டத்தில் பிரிகம் யங், மதியப் பிரார்த்தனை கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சமைங்கன்னு சொல்லிட்டார். பிரார்த்தனை நல்லதுதான், ஆனா சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் தேவைப்படுற நேரத்தில் அந்த இடத்தை அது நிரப்பாது என்ற கருத்தில் பேசினார். வந்தவங்களை ஒரே இடத்தில் அடைக்காம வீடு வீடா பிரிச்சு அனுப்பினாங்க. பனியில் கால் உறைஞ்சு போனவங்களை அந்த வீட்டு ஆட்களே கவனிச்சாங்க.

இதில் ஒண்ணை மறைக்கக் கூடாது. தாமதமா அனுப்பினவங்களைப் பிரிகம் யங் பொதுவில் திட்டினார். ஆனா காசை மிச்சம் பிடிக்கக் கைவண்டின்னு திட்டம் போட்டவரே அவர்தான். துரத்தப்பட்ட இந்த மக்களில் சிலர், அடுத்த வருஷமே மௌண்டன் மெடோஸ் என்ற இடத்தில், வழியில் போன சுமார் 120 பயணிகளைக் கொன்னதும் வரலாறுதான். கஷ்டப்பட்டவங்க எல்லாரும் நல்லவங்கன்னு ஆகிட முடியாது.

கைவண்டி 1860 வரை ஓடுச்சு. மொத்தம் பத்துக் குழு, சுமார் மூவாயிரம் பேர். பிறகு வந்த குழுக்களுக்கு இந்த மாதிரி அழிவு வரல. இன்னைக்கும் அவங்க சபையில் மாசத்துக்கு ஒரு ஞாயிறு ரெண்டு வேளை விரதம் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுக்கிற வழக்கம் இருக்கு.

லீவை சாவேஜ் உயிரோட ஊர் போய்ச் சேர்ந்தார். 1910 வரைக்கும் இருந்தார்.

எங்க கூட்டத்திலும் இனிமே யாராவது "இது சரியா வராது"ன்னு எழுந்து நின்னா, பக்தி இல்லாதவர்னு நினைக்காம முதல்ல உட்கார்ந்து கேட்போம்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம். காய் வெட்டுறப்ப அந்தக் கேள்வி கேட்ட தம்பிக்கு நன்றி.

அன்புடன், உங்கள் கோயில் தொண்டர்கள்.