அச்சம் தொடங்கும் வாரம்: நோவோசிபிர்ஸ்க் நரிகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

நோவோசிபிர்ஸ்க் நரிச் சோதனையை நாய் உருவான வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் கருத்து அண்மைக் காலத்தில் வலுத்துவருகிறது. மனிதரிடம் சாதுவாக இருந்தவற்றையே தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து வளர்க்க 1959இல் ரஷ்ய மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய சோதனையின் வெள்ளி நரிகள் காட்டில் பிடிபட்டவை அல்ல. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு உரோமப் பண்ணைகளின் வழிவந்தவை. எனவே அவற்றின் வழித்தோன்றல்களிடம் காணப்பட்ட வெள்ளைத் திட்டும் மடிந்த காதும் சாதுத்தன்மையின் உடன்விளைவுகள் என்று சொல்வதற்கில்லை என்கிறார்கள். உடற்கூறுகளைப் பொறுத்தவரை இது சரியே. நடத்தைக்கும் இதையே நீட்டுவதுதான் பிழை.

பெல்யாயெவின் உடனாய்வாளர் லுத்மிலா துரூத் 1999இல் எழுதிய கட்டுரையை நிதானமாகப் படிக்க வேண்டும். தொடக்கக் கூட்டம் 30 ஆண், 100 பெண்; பெரும்பாலானவை எஸ்தோனியப் பண்ணை நரிகள். காட்டு நரிகளைவிட அவை ஏற்கெனவே சாதுவாக இருந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று புதிய கண்டுபிடிப்பாகப் பேசப்படுவது மூலத்திலேயே இருக்கிறது. அதே கட்டுரையின் முக்கியமான பகுதியோ அதிகம் கவனிக்கப்படவில்லை. தெரிவுக்கு உட்படாத குட்டிகளிடம் அச்சம் ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் தலைகாட்டுகிறது. தெரிவு செய்யப்பட்ட வழியில் ஒன்பதாவது வாரத்திலோ அதற்குப் பின்னரோதான். இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீராய்டு என்னும் மன அழுத்த ஹார்மோன் உயர்வதும் அவ்வாறே தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில்தான் குட்டி மனிதரை அஞ்சாமல் நெருங்கிப் பழகிக்கொள்கிறது. ஆக, தெரிவு அச்சத்தை அழித்துவிடவில்லை. அது வரும் பருவத்தைத் தள்ளிவைத்தது.

இந்த வேறுபாட்டைப் பண்ணை வரலாற்றால் விளக்க முடியுமா? 1970 அளவில் பண்ணை நரிகளிலிருந்தே மூர்க்கமானவற்றைத் தெரிந்தெடுத்து எதிர்த்திசையில் இன்னொரு வழியும் வளர்க்கப்பட்டது. பண்ணை வாழ்வு இரு வழிகளுக்கும் பொது. பொதுவான பின்னணி ஒன்று, இரண்டும் எதிரெதிராகப் பிரிந்ததற்குக் காரணமாக முடியாது. தாயின் வளர்ப்பே காரணம் என்பதற்கு நீண்ட மறுமொழி தேவையில்லை: கருக்களை மாற்றி வைத்தும் குட்டிகளை வேற்றுத் தாயிடம் விட்டும் பார்த்தார்கள், நடத்தை பெரும்பாலும் மரபுவழித் தாயின் வழியையே தழுவியது.

ஓநாய் நாயாக மாறிய முதற்படியை இந்த நரிகள் அளந்து காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பண்ணையில் தொடங்கிய சோதனைக்கு அது இயலாது. எனினும் எதிர்முனையிலிருந்து ஒரு சான்று உண்டு. நெதர்லாந்தில் லேன்டர்ட் சார்லோஸ் 1930களில் ஜெர்மன் ஷெப்பர்டை ஓநாயோடு கலந்தார். திறன் மிக்க பணிநாயை எதிர்பார்த்த அவருக்குக் கிடைத்தவை அந்நியரைக் கண்டால் ஒதுங்கும் நாய்கள். காட்டுத்தன்மை திரும்பியபோது முன்னால் நின்றது மூர்க்கமன்று, விலகலே. நரிகளின் வாரக்கணக்கோடு இது பொருந்துகிறது என்பதே என் துணிபு.

நோவோசிபிர்ஸ்க் சோதனையை இனிமேல் மேற்கோள் காட்டுவோர் காதையும் வெள்ளைத் திட்டையும் விட்டு, அந்த ஆறாவது வாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.