நாட் கொண்டை ஊசித் திருப்பம்

நாட் கொண்டை ஊசித் திருப்பம் என்பது, ஒரு வீட்டு வலையமைப்பிலுள்ள கணினி, அதே வலையமைப்பிலுள்ள வலை வழங்கியை அதன் பொது ஐபி முகவரி வழியாக அணுகுவதற்குத் திசைவி அளிக்கும் வசதி ஆகும். நாட் என்பது பிணைய முகவரி மாற்றத்தைக் குறிக்கும். தரவுப் பொதிகள் இணையத்திற்குச் செல்லாமல், மலைப்பாதை வளைவில் திரும்புவதுபோலத் திசைவியிலேயே திரும்புவதால் இப்பெயர் ஏற்பட்டது.

செயற்பாடு

எடுத்துக்காட்டாக, ஒரகடத்திலுள்ள ஒரு வீட்டின் பொது முகவரி 203.0.113.5, வழங்கியின் முகவரி 192.168.1.10, மடிக்கணினியின் முகவரி 192.168.1.20 எனக் கொள்வோம். மடிக்கணினி பொது முகவரிக்கு அனுப்பும் கோரிக்கையில் திசைவி பெறுநர் முகவரியை மட்டும் மாற்றினால், வழங்கி தன் மறுமொழியை நேரடியாக மடிக்கணினிக்கு அனுப்பிவிடும். தான் தொடர்புகொள்ளாத முகவரியிலிருந்து வருவதால் மடிக்கணினி அதனை ஏற்காது. எனவே திசைவி அனுப்புநர் முகவரியையும் தனது முகவரியாக மாற்ற வேண்டும்.

2007 இல் வெளியான ஆர்எஃப்சி 4787 யூடிபிக்கும், 2008 இல் வெளியான ஆர்எஃப்சி 5382 டிசிபிக்கும் இவ்வசதி வேண்டும் என வரையறுத்தன. எனினும் எல்லா வீட்டுத் திசைவிகளிலும் இது இல்லை.

மாற்று வழிகள்

இவ்வசதி இல்லாதபோது, வீட்டு டிஎன்எஸ் வழங்கியில் ஆள்களப் பெயருக்கு உள் முகவரியைக் குறிப்பிடலாம். உள்ளிருந்து திறக்காத தளம் வெளியிலிருந்து திறக்கக்கூடும் என்பதால், செல்லிடத் தொலைபேசியின் தரவு இணைப்பில் சோதித்தல் வேண்டும். அதிலும் திறக்காவிடில், திசைவி பெற்றுள்ள முகவரியைக் காண வேண்டும். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், சேவை வழங்குநர்கள் பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்க 2012 இல் ஒதுக்கப்பட்டவை. இவற்றைப் பெற்ற திசைவியில் மட்டும் அமைப்பை மாற்றுவதால் வெளியிலிருந்து அணுக இயலாது.